கிளட்ச்

ஷிஃப்ட் முடிந்ததும் முதல் வேலை
முன்சக்கரத்தில் சுற்றிய நூலைப் பிடுங்குவது.
செக்கிங் மேசைக்கும் கோடவுனுக்கும் எட்டு மணி நேரம் உருண்டால்
அச்சில் ஒரு சின்னக் கண்டு சேர்ந்திருக்கும்.
நேற்று ஆரஞ்சு. இன்றைக்கு நேவி ப்ளூ.
எந்த ஆர்டர் ஓடுகிறதென்று
என் சக்கரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சென்னியப்பன் ஆட்டோவில் நான் ஏறிக்கொண்டு
பேட்டரியைக் கழற்றி மடியில் வாங்கிய பிறகுதான்
அவர் நாற்காலியை மடிக்கலாம்.
இறங்கும் இடத்தில் விரிப்பார்;
'டக்'கென்று பூட்டு விழாமல் உட்கார மாட்டேன்.
"என்னைய நம்ப மாட்டீங்களாக்கும்?"
உங்களை நம்பறனுங்க.
டக்குச் சத்தம் கேக்கோணுமல்ல.

ஆவணியில் ஒருநாள், பாலத்து இறக்கம்.
முகந்தெரியாத நல்ல மனுசன் ஒருத்தர்
"பாவம், தள்ளியுடறேன்" என்று
குனிந்து பின்னாலிருந்த சிவப்புப் பிடியைத் திருப்பினார்.
மோட்டார் கைவிட்டது,
கூடவே பிரேக்கும்.
நொய்யல் வரைக்கும் வழிவிட்டது ரோடு.
இளநீர் வண்டிதான்
என்னைத் தடுத்து நிறுத்தியது,
இருபது காயை உருட்டிவிட்டு.

இப்போது நாற்காலி முதுகில்
ஓரம் ஓவர்லாக் அடித்த வெள்ளைத் துணி தொங்குகிறது:
'கேட்டுப்போட்டுத் தொடுங்க.'

நேற்று பஸ் ஸ்டாப்பில் ஒருத்தர் நின்று படித்தார்.
துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக்
கேட்டார்:
"எத்தன ஜிஎஸ்எம்முங்க?"