பாக்கி

தேவகோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்
நவம்பர் இரண்டாம் தேதி
சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறேன், ரெஜினாள்.
உன் தம்பி மெழுகுவத்தி வாங்கப் போயிருக்கிறான்.

அடகுக் கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து
எத்தனை இரவு இதே வழக்கு.
எங்கள் பேரேட்டில் பக்கம் தீர்ந்தால்
பாக்கியை அடுத்த ஏட்டில் ஏற்றுவோம் என்றேன்.
பெயர் மாறும், ஊர் மாறும்,
தொகை மாறாது.
நீ பேனாவை மூடினாய்:
ஒரே ஏடுதான். கடைசி நாளில் ஒரே தணிக்கை.
அன்றைக்கு முதலாளியே
கடனாளியின் கணக்கை அடைத்துவிடுவார்.

அப்படி ஒரு முதலாளி
செட்டிநாட்டில் எந்தக் கடையும் நடத்தியதில்லை
என்று சிரித்தேன்.
நீ சிரிக்கவில்லை.

நகரக் கோயிலில் நம்மைப் புள்ளியாக எழுதவில்லை.
உன் பங்கில் ஓலை வாசிக்கவில்லை.
இரண்டு பதிவேட்டிலும் இல்லாத கல்யாணம்
முப்பத்தோரு வருஷம் நடந்தது.

இப்போது நீ இங்கே
அதே முகத்தோடு, வலது முழங்கால் வலியோடு
எக்காளத்துக்குக் காத்திருக்கிறாய்.
என்னை எரிப்பார்கள்.
எக்காளம் ஊதுவதற்குள்
எத்தனை முறை வந்து போவேனோ,
கண்மாய் நாரையாக,
கானாடுகாத்தான் பஸ்ஸில்
சில்லறை தராத நடத்துநராக.
எழுந்து வந்து
எந்த முகத்தில் என்னைத் தேடுவாய்?

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு
உன் பர்ஸிலிருந்து எடுத்த நானூறு ரூபாயை
இன்னும் தரவில்லை.
உன் பேரில் உண்டியலில் போடச் சொல்கிறான் தம்பி.
மாட்டேன் என்றுவிட்டேன்.

கடன் இருந்தால்தான் ஆள் தேடி வரும்.
தயவுசெய்து
தள்ளுபடி செய்துவிடாதே.