உள்வட்டம்

போஜேனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது.
எனக்கு இருபத்தெட்டு.
ஸ்டியரிங் அவள் பக்கம்.
என் பக்கம்
எனக்கென்று தனியாக ஒரு பிரேக்.
அதற்கு அரை அங்குலம் மேலே
எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் என் வலது கால்.

ரெய்க்யவிக்குக்குத் தெற்கே
மீன் ஆலைகளைத் தாண்டினால் அந்த ரவுண்டானா.
நடுவில் புல்மேடு,
மேட்டில் ஏப்ரல் வரை மிஞ்சிய பனி.
"மூன்று விருந்தாளிகள் படுத்தெழுந்த விரிப்பு" என்றாள்.
ஹோட்டல் சலவையில் வேலை அவளுக்கு.
எதைப் பார்த்தாலும் துணிதான்.

முதல் பாடம் சுலபம்.
நுழையுமுன் இடப்பக்கம் பார்.
உள்ளே சுற்றுகிறவர்களுக்கு வழி விடு.

விட்டாள்.
பேருந்துக்கு விட்டாள், ரொட்டி வேனுக்கு விட்டாள்,
இன்னும் வட்டத்துக்கே வந்து சேராமல்
தூரத்தில் விளக்கு மட்டும் தெரிந்த
டிராக்டருக்கும் விட்டாள்.
பின்னால் ஹாரன்.
கண்ணாடியைப் பார்த்து
போலிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்டாள்.

இரண்டாம் பாடத்தில்தான் தகராறு.

எங்கள் ஊர்ச் சட்டம் கொஞ்சம் கோணல்:
உள்வட்டத்தில் இருப்பவர் வெளியே போகும்போது
வெளிவட்டத்தில் இருப்பவர்தான் காத்திருக்க வேண்டும்.
வாடகைக் காரில் வரும் சுற்றுலாக்காரருக்கு
இது தெரியாது.
ஆகவே உரிமை உன்னுடையதே என்றாலும்
தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்.
காப்பிக் கோப்பை, சாவி, ஒரு கையுறை
மூன்றையும் மேசையில் சுற்றவிட்டுக் காட்டினேன்.
"புரிகிறது, ஸோல்ரூன்" என்றாள்.

புரிந்திருந்தது.
கைதான் திரும்பவில்லை.

ஒரு சுற்று.
இரண்டு.
மருத்துவமனைக்கு ஒரு வழி,
விமான நிலையத்துக்கு ஒரு வழி,
கடலுக்கு, அவள் குடியிருப்புக்கு,
ஒவ்வொன்றாக வந்து
ஒவ்வொன்றாக நழுவிப் போயிற்று.
வலப்பக்க இண்டிகேட்டர்
சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.
நான்காவது சுற்றில்
எனக்குக் குமட்டியது.

அப்போதுதான் பேச ஆரம்பித்தாள்.
இருபத்தாறு வருடம் ஸெனோன் ஓட்டினான்,
நான் வரைபடத்தை மடித்தேன்.
இப்போது அவன் கண்ணில் நடுப்பகுதி இல்லை.
ஓரம் மட்டும் இருக்கிறது.
என் முகத்தைப் பார்க்க
என் காதைப் பார்க்கிறான்.
வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள், நான் மூன்றாவது.
என் முறை வருவதற்குள்
குளிக்கும் வெந்நீர் ஆறியிருக்கும்.

நான் என்ன சொல்வது?
ஓட்டக் கற்றுக்கொடுக்க மட்டும்தான்
எனக்கு உரிமம்.

விட்டுக் கொடுத்தவர் கெட்டதில்லை,
வட்டத்தின் வாசலில் அது சரி, போஜேனா.
உள்ளே வந்த பிறகு
உன் முறையை நீ எடுக்காவிட்டால்
பக்கத்தில் வருகிறவருக்குத்
தன் முறை எதுவென்று தெரியாமல் போகும்.
தயங்குகிற கார் மரியாதையான கார் இல்லை.
அது ஒரு விடுகதை.
அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவரிடம்
விடுகதை போடாதே.

கொஞ்சம் கூர்மையாகவே சொல்லிவிட்டேன்.
அவள் பதில் பேசவில்லை.

ஏழாவது சுற்று.
வெளிவட்டத்தில் நீல லாரி ஒன்று,
ஐஸில் புதைத்த காட் மீன்களோடு.
அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.
தோளுக்கு மேலே பார்த்தாள்.
லாரியின் மூக்கு லேசாகத் தாழ்ந்தது.
பிரேக் பிடிக்கிறான்.
அவள் அதையும் பார்த்தாள்.

திருப்பினாள்.

அரை அங்குலம்
அரை அங்குலமாகவே இருந்தது.

வந்து சேர்ந்தது தவறான வழி.
கடலுக்குப் போகிற சாலை அது,
மீன் காயவைக்கும் மரச்சட்டங்களோடு முடிந்துவிடும்.
எஞ்சினை நிறுத்தினாள்.
கை நடுங்குவதை
அடுத்தவர் கையைப் போல் வேடிக்கை பார்த்தாள்.

கதவைத் திறந்து இறங்கப் போனேன், முடியவில்லை.
நாற்பது நிமிடம் காற்றில் நின்ற கால்
மரத்துப் போயிருந்தது.
கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன்.
அவள் முதலில் சிரித்தாள்,
பிறகு கவலைப்பட்டாள்.

"வீட்டுக்குப் போக வேறு வழி இருக்கிறதா?"

இல்லை.
அதே வட்டம்தான்.

"சரி, உட்கார்" என்றாள்,
தன் இருக்கையை
ஒரு பல் முன்னால் நகர்த்திக்கொண்டு.