பெறுமதி என்ற கட்டம்

சான்றுப்பொருள் பதிவேட்டில் ஏழு கட்டங்கள்.
ஆறை நிரப்பிவிட்டேன்.
வகை: துவக்கு, குட்டைக் குழல், கைச்செய்கை.
கைப்பற்றிய இடம்: சாம்பல்தீவு, கோழிக்கூட்டுக் கூரை.
நிறை: மீன் வாடியில் இரவல் வாங்கிய தராசில்
இரண்டு கிலோவும் கொஞ்சமும்.
ஏழாவது, பெறுமதி.

சார்ஜன்ட் விமலவீர சாட்சிக் கூண்டில் சொன்னார்:
பழைய இரும்பு விலை, ஐந்நூறு ரூபா.
சொல்லும்போது அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.
சட்டத்தரணிக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.
ஐந்நூறு ரூபாச் சாமான், கனம் ஐயா,
சுடாது, விளையாட்டுப் பொருள் என்று
ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தார்.
எதிரி தவரூபனுக்கு அன்று ஒரே வேலை,
வாயைத் திறக்காமல் நிற்பது.

திறந்தான்.

ஐந்நூறோ?
அநுராதபுரச் சந்தி லேத்காரனுக்கே
பதினெட்டாயிரம் குடுத்தனான்.
வேணுமெண்டால் அவனைக் கேளுங்கோ.
இல்லை, அவனைக் கேக்காதேங்கோ.
பிடி முதிரை, ஐயா.
சுனாமி உடைச்ச வள்ளத்தின்ர அணியம்.
பலகையா வித்திருந்தாலே நாலாயிரம் வரும்.
அரத்தாள் மட்டும் எத்தினை எண்டு நினைக்கிறியள்?
நாலு கிழமை கடலுக்குப் போகேல்லை,
அதையும் கணக்கில சேருங்கோ.

தட்டச்சுக்காரப் பெண்ணின் விரல்கள் நின்றன.
சட்டத்தரணி பேனையை மூடினார்,
மிக மெதுவாக,
பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கதவு சாத்துவதுபோல.

கடைசி வாங்கில் அவன் மனைவி சாருமதி
விரல் மடித்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.
பதினெட்டாயிரத்தில் கணக்கு நின்றது.
கை காதுக்குப் போனது.
தோட்டுத் துவாரத்தில் வேப்பங்குச்சி.
எஞ்சின் பம்ப் மாத்த எண்டுதானே
கழற்றி வாங்கிக்கொண்டு போனான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நீதிமன்றத்தில் பேசக் கூடாதென்று
அவளுக்காவது தெரிந்திருந்தது.

ஏன் குட்டையாய்ச் செய்தீர்? நீதவான் கேட்டார்.
நீளமெண்டால் தோளில முட்டும், ஐயா.
என்னத்துக்குச் செய்தீர்?

ஒவ்வொரு ஆணிக்கும் விலை சொன்ன மனிதன்
இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
பன்றிக்கு, என்று சட்டத்தரணி எழும்பினார்.
பன்றிக்கில்லை, என்றான் அவன்.
ஒருக்காலும் சுடேல்லை.
சுட்டால் பிடி வெடிச்சிடும் எண்டு பயம்.

யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை.
தீர்ப்பு பதினான்காம் திகதிக்கு.

மத்தியானம், சான்றுப்பொருள் அறை.
ஜன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
யாருடைய அழைப்பாணையையோ மென்றுகொண்டிருந்தது.
கசிப்புப் பீப்பா, கள்ளச் சைக்கிள்,
சுருக்குவலைக் குவியல், கத்திகள்.
எல்லாவற்றுக்கும் பெறுமதி போட்டிருக்கிறேன்,
பதினொரு வருடம், கை நடுங்காமல்.

இலக்கம் கட்டத் தூக்கினேன்.
குழல் அப்படியொன்றும் நேரில்லை.
லேத்காரன் ஏமாற்றியிருக்கிறான்.
பிடிதான் வேறு யாரோ செய்ததுபோல.
எண்ணெய் குடித்து, மங்கிய மஞ்சளில்,
கன்றுக்குட்டியின் மூக்குப்போல வழவழப்பு.
என் கை அதில் இருக்க மறுத்தது.
பெருவிரலுக்கு ஒரு பள்ளம், சரி.
சுட்டுவிரலுக்கு வழி, நடுவிரலுக்கு ஒரு வளைவு.
அதற்குப் பிறகு மரம் முடிந்துவிட்டது.
என்னிடம் இரண்டு விரல்கள் மிச்சம் நின்றன.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் வலக்கை.
டைனமைட் கொண்டுபோனது மோதிரவிரலையும் சின்னவிரலையும்.
சவள், கத்தரிக்கோல், தேநீர்க் கோப்பையின் காது,
இந்த ஊரில் விற்கிற எல்லாமே
ஐந்து விரல்காரருக்குச் செய்தவை.

தீர்ப்பு எதுவானாலும் இது உடைபடும்,
அதில் இரண்டு கதையில்லை.
உடைபடவும் வேண்டும்.
இதே குழலை இன்னொருவன் தூக்கியிருந்தால்
நான் பிணப் பரிசோதனை அறிக்கைக்குப் பக்கத்தில்
இதைப் பதிந்துகொண்டிருப்பேன்.

நாலு மணிக்கு ஜன்னலடியில் சாருமதி.
மான் நகர்ந்து இடம் விட்டது.
பெறுமதி எவ்வளவெண்டு போட்டியள், மிஸ்?
இன்னும் போடவில்லை என்றேன்.
கூட்டிப் போடாதேங்கோ, தண்டம் கூடிடும்.
சரி என்றேன்.
பஸ் நிலையப் பக்கம் நாலு எட்டு நடந்தவள்
குடையை விரித்து, மடித்து,
திரும்பி வந்தாள்.

ஐந்நூறெண்டும் போடாதேங்கோ.