தெளிவு வேறு

சுபுஹு தொழுததும்
முதல் வேலை இவனுக்குத் தண்ணீர் மாற்றுவது.
நீல டிரம்மை நீளவாக்கில் அறுத்துச் செய்த தொட்டி.
இவன் நாலரை அடி,
அதில் பாதிக்கு மேல் வால்.

கூத்தாநல்லூர் முழுக்க உடும்பு என்கிறார்கள்.
உடும்பில்லை, இகுவானா.
வனத்துறையில் பதிந்த காகிதம்
பீரோவில், எங்கள் நிக்காஹ் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது.
லெட்சுமாங்குடியிலிருந்து வந்த ஒருவர்
தைலம் எடுக்கலாமே என்று
வாசலில் நின்றபடியே விலை கேட்டார்.
இது கீரையும் பூசணியும் தின்னும் பிராணி என்றேன்.
நம்பாமல் போனார்.

நஜ்முதீன் மச்சான் புருனைக்குப் போகும்போது
ரெண்டே வருஷம் என்றார்.
நோட்டில் எழுதி வைத்தார்:
சூடு கூடாது, வெதுவெதுப்பு போதும்.
சோப்புப் போடாதே.
குழாய்த் தண்ணியை ஒரு ராத்திரி திறந்து வை,
மருந்து வாடை போகட்டும்.
கடைசிப் பக்கத்தில் எனக்கென்று ஏதாவது இருக்குமென
திருப்பினேன்.
தொட்டி தேய்க்கிற பிரஷ்ஷை
வேறு எதற்கும் எடுக்காதே என்றிருந்தது.

கொள்ளிடத்துத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
கரண்டு போனால் மூன்று நாள்.
போர்த் தண்ணீர் உப்பு,
காய்ந்தால் இவன் தாடைத் தொங்கலில் வெள்ளை பூக்கும்.
வெண்ணாற்றில் புதுத் தண்ணீர் வந்தாலும்
முதல் வாரம் செருப்பும் தெர்மாகோலும்தான் வரும்.
ஆகவே எங்கள் வீட்டில்
மாமிக்கு ஒளு செய்ய ஒரு வாளி,
எனக்கு ஒரு குடம்,
இவனுக்கு ஆறு.

ஆறையும் ஊற்றி நிமிர்வதற்குள் இறங்குவான்.
கச்சேரி கேட்க வந்தவன் மாதிரிக்
கண்ணை மூடுவான்.
வால் மெல்ல உயரும்.
அவ்வளவுதான்.
சுத்தமான தண்ணீரைக் கண்டால்தான் வருகிறது இவனுக்கு.
குடிக்க ஒன்று, இதற்கு ஒன்று என
இரண்டு தொட்டி வைத்தும் பார்த்தேன்.
எது குடிக்க என்பதை இவனிடம் யார் சொல்வது?

முதலில் கண்ணால் பார்த்தே மாற்றிக்கொண்டிருந்தேன்.
அடியில் விழுந்த கொத்தமல்லிக் காம்பு தெரிந்தால்
நல்ல தண்ணீர்.
ஒரு ஆடியில் தின்னாமல் கிடந்தான்,
வாயோரம் வீங்கியது.
ஒரத்தநாட்டு டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண்,
தொட்டியையும் ஏத்திட்டு வாங்க என்றாள்.
லோடு ஆட்டோவுக்கு ஆயிரத்து முந்நூறு.
பல்லியைப் பார்க்குமுன்பே
தொட்டியின் உட்சுவரில் விரலை வைத்து இழுத்தாள்.
இங்க தொடுங்க.
தொட்டேன்.
நுங்குத் தோல் போல,
இல்லை, அதைவிட மெல்லிசாக
ஒரு வழுவழுப்பு.
தண்ணி தெளிவாத்தான் இருந்திருக்கும்க்கா,
சுத்தமா இருந்திருக்காது.

அன்றிலிருந்து விரல்தான்.
கல்லுப்பும் வினிகரும் போட்டுத்
தொட்ட இடம் கிறீச்சிடும்வரை தேய்ப்பேன்.
நாலு தடவை அலசுவேன்.
இவன் போனது கலந்த தண்ணீர் கொல்லை வாழைக்கு,
உப்புத் தண்ணீர் சாக்கடைக்கு.
மாமி இந்த வாழையில் இலை நறுக்க விடுவதில்லை.
பழம் மட்டும் சாப்பிடுகிறார்.

வியாழன் ராத்திரி மச்சான் பேசுவார்.
தண்ணி மாத்துனியா? அதுதான் முதல் கேள்வி.
படம் இப்போதெல்லாம் திக்குவதே இல்லை.
பின்னால் ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை,
அவர் ஒருநாளும் தேர்ந்தெடுக்காத ஊதா.
லீவு கிடைக்கல, அடுத்த வருஷம் பாப்போம் என்கிறார்,
ஒரு தும்பு தூசி இல்லாத குரலில்.
போனைத் துடைப்பதுபோல
அவர் முகத்தின் மேல்
விரலை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.

இது நாலாவது வருஷம்.

இன்று குழாயில் காற்றுதான் வந்தது.
காலித் தொட்டி விளிம்பில் தாடையை வைத்து
ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான்.
எனக்கென்று மூடி வைத்திருந்த குடத்தைச் சாய்த்தேன்.
இறங்கினான்.
கண்ணை மூடினான்.
நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.