இருட்டு மின்னோட்டம்

புந்தா அரேனாஸில் காற்று முற்றிய நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு கடக்க.
நான் அறைக்குள் உட்கார்ந்து
ஒட்டுநாடாவால்
ஒரு படிகத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

கேலியம் சல்ஃபைடு. வெளிர் மஞ்சள் சில்லு.
ஒட்டு, பிரி. ஒட்டு, பிரி.
வெங்காயம் உரித்தால் கடைசியில் ஒன்றுமில்லை என்பார்கள்.
இதில் ஒன்று மிஞ்சும்:
நீளமுண்டு, அகலமுண்டு,
தடிமன் கேட்டால் நான்கே அணு.

தடித்திருந்தபோது அதற்கு ஊதா தெரியும்,
நீலத்திலும் ஒரு விளிம்பு.
மெலிய மெலிய மறந்துவிட்டது.
இப்போது
நாம் வெளிச்சம் என்று சொல்லும் எதுவும்
அதற்கு வெளிச்சமில்லை.

சோதிக்க வைத்திருந்த புறஊதா விளக்கு
செவ்வாயன்று செத்தது.
புதியது சாந்தியாகோ சுங்கத்தில்
யாரோ ஒருவரின் முத்திரைக்குக் காத்துக் கிடக்கிறது.
சில்லைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து,
மீட்டரைக் கக்கத்தில் இடுக்கி,
கப்பல் பட்டறைக்கு நடந்தேன்.

டெல்ஃபீன் நவெல்கீன்
நண்டுப் படகு ஒன்றின் அடிவயிற்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
"எவ்வளவு தூரத்தில் வைக்கட்டும், டோக்தோரா?"
"எல்லோரும் முகம் திருப்பும் தூரத்தில்."

பொறி பிடித்தது.
அவனுக்கு முகக்கவசம், எனக்குச் சுவர்.
இமையில்லாத அது மட்டும்
நேருக்கு நேர் பார்த்தது.
நான்கு நானோ ஆம்பியரிலிருந்து
முந்நூறு.

"என் முகம் தெரிந்ததா அதற்கு?"
இல்லை. முகம் தெரியாது,
படகின் சிவப்பு தெரியாது,
சிதறிய கங்குகளின் செம்மஞ்சளும் தெரியாது.
வேலை முடிந்த ராத்திரிகளில்
கண்ணுக்குள் மணல் அள்ளிப் போடுகிறதே,
அது மட்டும் தெரியும்.
"அதை எனக்கும் தெரியும்" என்றான்.
"இருபது வருஷப் பழக்கம்."

அவன் கம்பியைச் சுருட்டினான்.
எந்திரம் அணைந்துவிட்டது.
மெகெல்லன் நீரிணைமேல்
அழுக்குத் துணிபோல் மேகம்.
மீட்டர் நான்குக்குத் திரும்ப வேண்டும்.
முப்பத்தொன்றில் நின்றது.

ஒளியே படாதபோதும் ஒரு துளி ஊறும்;
இருட்டு மின்னோட்டம் என்போம்.
அதுதான் கூடிவிட்டது என்று நினைத்தேன்.
பற்று விட்டிருக்கும். என் கை சரியில்லை.
நோட்டில் "கசிவு" என்று எழுதினேன்.

டெல்ஃபீன் சும்மா இருக்கமாட்டாதவன்.
கீறல் விழுந்த தன் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றி
டப்பாவின்மேல் வைத்தான்.
நான்கு.
எடுத்தான். முப்பத்தொன்று.
மறுபடி வைத்தான். நான்கு.

அந்தக் கண்ணாடி வழியே
சில்லும் தங்கத் தடங்களும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.
சாம்பல் வெளிச்சம் முழுக்க உள்ளே போயிருந்தது.
போகாதது எது என்று
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
மேலே பார்க்க ஒன்றுமில்லை.
அக்டோபர் மாதம்.
ஓசோன் கிழிந்து எங்கள் தலைக்குமேல் வரும் பருவம்.

பட்டறைக் கோடியில் வர்ணம் அடிக்கும் இரண்டு பையன்கள்,
சட்டையை இடுப்பில் கட்டி,
வெறும் முதுகோடு.
டெல்ஃபீன் கத்தினான். காற்று தின்றது.
நடந்தே போனான்.
"வெயிலே இல்லையே" என்று சிரித்தான் ஒருவன்.

டெல்ஃபீன் என் சாப்பாட்டு டப்பாவைக் கை நீட்டிக் காட்டினான்.
"அது வேறு மாதிரி சொல்கிறது."

நோட்டில் "கசிவு" என்பதை அடித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
மணியைக் குறித்தேன்:
மூன்று இருபது.