மிச்சக் காற்று

பத்திலிருந்து பின்னால் எண்ணுங்கள் என்பேன்.
கன்னடத்தில், உருதுவில், தமிழில்.
ஹத்து, ஒம்பத்து, எண்டு…
ஏழைத் தாண்டியவர் ஒரே ஒருவர்,
கே.ஆர். மார்க்கெட்டில் வட்டிக்கு விடுபவர்.
நான்கு வரை போனார். கணக்கை விட மனசில்லை.

நீலசந்திராவில் நர்சிங் ஹோம், இரண்டாம் மாடி,
ஜன்னலை அடைத்து ஏசி வைத்த தியேட்டர்.
மெஷினின் மிச்சக் காற்றை வெளியே தள்ளும் குழாய்
மழைக்கு முன்பே கழன்றது.
பிளாஸ்டர் சுற்றினேன். மறுபடி கழன்றது.
"அடுத்த மாசம் பார்க்கலாம் ஸ்டெல்லா."
மேனேஜருக்கு எல்லா மாசமும் அடுத்த மாசம்.
எனக்கு இது ஐந்தாம் மாசம்.

இனிப்பு வாசனை அது,
அழுகத் தொடங்கிய சப்போட்டா மாதிரி.
குளித்தாலும் மூக்கை விட்டு இறங்காது.
நாளைக்கு ஆறு கேஸ், சனிக்கிழமை எட்டு.
குனிந்து நோயாளியின் மூச்சைக் கேட்கையில்
அவர் விட்டதை நான் இழுக்கிறேன்,
நான் இழுத்ததை
உள்ளே ஒருத்தன், அல்லது ஒருத்தி.

மயக்கமாக வருகிறது என்றேன்.
மசக்கை என்றார் மாமியார்.
வாய் கசக்கிறது. மசக்கை.
உள்ளங்கை அரிக்கிறது. அதுவும் அதுதானாம்.
கண்ணு மஞ்சளா இருக்கே மேடம் என்று
கேட்டது ஆட்டோக்காரர்,
கண்ணாடியில் பார்த்து, டிரினிட்டி சிக்னலில்.

ஈரலின் எண்கள் ரிப்போர்ட்டில்
இருக்க வேண்டியதுபோல் மூன்று மடங்கு.
டாக்டர் சுமங்கலா பேனாவை மூடினார், திறந்தார்.
கர்ப்பத்தால் இருக்கலாம். காற்றால் இருக்கலாம்.
இரண்டாலும் இருக்கலாம்.
சினை எலிகளைத் திரும்பத் திரும்ப மயக்கி
ஈரலை அறுத்துப் பார்த்திருக்கிறார்களாம்.
"மனுஷிகளை யார் எண்ணுகிறார்கள்?"

எலிக்காவது எத்தனை தடவை என்று
யாரோ நோட்டில் குறித்திருக்கிறார்கள்.

அன்றிரவு ரெஜிஸ்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.
குடலிறக்கம், பித்தப்பை, தைராய்டு, பித்தப்பை.
முதுகில் ஊசி போட்டதையெல்லாம் கழித்து
நானூற்றுப் பதினொன்று.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என் கையெழுத்து.
தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

ஈரக்குலை பதறுகிறது என்போமே,
பேச்சுக்கு இல்லை அது.
வலது விலாவுக்குக் கீழே கை வைத்தால்
கனமாய், சூடாய், ஒரு வேலைக்காரி.
லீவே எடுக்காதவள்.

இன்று முதல் கேஸ் மேஜையில் படுத்துவிட்டது.
நான் மாஸ்க்கை எடுக்கவில்லை.
கழன்ற குழாயைச் சுருட்டிக்கொண்டு
கீழே போய் மேனேஜரின் டிபன் டப்பா பக்கத்தில் வைத்தேன்.
எண்ணுங்க சார் என்றேன். பத்திலிருந்து.

போனை எடுத்தார்.
ரிப்பேர்காரருக்கா, வேறொரு டெக்னீஷியனுக்கா,
தெரியவில்லை.