யார் கணக்கில்

பதினான்கு பேட்ச்களில் ஒன்பதாவது.
இருநூற்றுப் பதினோராம் வரியில்
நின்றுவிட்டேன்.
கனாட்டாவில் காலை ஐந்து மணி,
மைனஸ் இருபத்தெட்டு.
அடித்தள வீட்டின் சன்னல்
பாதிவரை பனியில் புதைந்திருக்கிறது.
மீதிப் பாதியில் தெருவிளக்கு,
குறுக்கே ஏதோ ஒரு கோடு.

ஹலிஃபாக்ஸிலிருந்து தெஹ்மினா எழுதிய கோட்.
நேர்த்தியாகத்தான் எழுதுவாள்;
கமெண்ட்டில்கூடக் காற்புள்ளி தவறாது.

விஷயம் இதுதான்.
ப்ராசஸருக்குள் சில எண்ணிகள் இருக்கின்றன.
எத்தனை கட்டளை முடிந்தது,
எத்தனை முறை தேடியது கேஷில் இல்லை,
எத்தனை முறை ஊகித்த கிளை பொய்த்தது.
எண்ணுவது இவற்றுக்குத் தெரியும்,
எண்ணிப் பார்ப்பது தெரியாது.

இயந்திரம் ஒன்று.
அதற்குள் குடியிருக்கும் இயந்திரங்கள் பல.
ஒவ்வொரு குடித்தனமும் நம்புகிறது
எண்ணிகள் எல்லாம் தனக்கே என்று.
அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்வது
ஹைப்பர்வைசரின் வேலை.
ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறதா என்று பார்ப்பது
என் வேலை.

குடித்தனக்காரன் வெளியேறிய கணமே
எண்ணியை நிறுத்த வேண்டும்.
தெஹ்மினா முதலில் இன்டரப்ட்டைக் கவனிக்கிறாள்,
பிறகுதான் நிறுத்துகிறாள்.
நடுவில் நாற்பது கட்டளைகள்:
உழைப்பு வீட்டுக்காரனுடையது,
ஓடுவது குடித்தனக்காரன் மீட்டர்.

நாற்பதுதானே என்று விடலாம்.
நொடிக்குப் பத்தாயிரம் முறை வெளியேறி நுழைந்தால்
நாலு லட்சம்.
அது போகட்டும்,
அந்த நாற்பது முப்பத்தெட்டாவதையும்
நாற்பத்தொன்றாவதையும் வைத்தே
மேலே என்ன நடக்கிறதென்று
கீழே இருப்பவன் சொல்லிவிடுவான்.
நான் சொல்வேனே,
மிஸ்டர் லமூரூ எப்போது காபி போடுகிறார் என்று.
மேல்தளப் பலகை எட்டு முறை முனகும்.

இதை எழுதும்போதுதான்
ஹைட்ரோ பில் நினைவுக்கு வந்தது.
அடித்தளத்துக்குத் தனி மீட்டர்,
ஒற்றை அறை, ஒற்றை ஆள்,
டிசம்பருக்கு இருநூற்றுப் பதினேழு டாலர்.

கோட்டை மாட்டிக்கொண்டு மேலேறினேன்.
சன்னலில் தெரிந்த கோடு ஓர் ஆரஞ்சு வயர்.
அவருடைய பிக்கப்பின் மூக்கிலிருந்து புறப்பட்டு
பனிமேட்டைத் தாண்டி
என் வாசல் பிளக்கில் முடிந்தது.
எஞ்சின் உறையாமலிருக்க
இரவெல்லாம் சூடேறிக்கொண்டிருக்கிறது
என் கணக்கில்.

அடப்பாவி மனுஷா.

ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் தயார்செய்தேன்,
பிரெஞ்சில் ஒன்று.
கீழே இறங்கும்போதுதான் உறைத்தது:
நேற்றிரவு முழங்கால் அளவு பெய்ததே,
நான் ஏன் புதையவில்லை?
ஏழு படியும் துடைத்துக் கிடந்தன.
ஓரம்வரை உப்பு.
நான் தூங்கிய பிறகு வந்த பூட்ஸ் தடம்
பெரியது, இடதுகால் சற்றுச் சாய்ந்தது.

இந்த மூன்று குளிர்காலத்தில்
மண்வாரியை நான் தொட்டதே இல்லை.

திரும்பி வந்து பதினோராவது பேட்ச்.
சில கட்டளைகளைக் குடித்தனக்காரனால் செய்ய முடியாது.
வீட்டுக்காரன் வாங்கி, தானே செய்து,
முடிவை அவன் கையில் கொடுத்துவிடுவான்.
கொடுத்ததே இவனுக்குத் தெரியாது.
செய்தது யாராக இருந்தாலும்
முடிந்த கட்டளை குடித்தனக்காரனுடையது.
அவன் எண்ணியில் ஒன்று கூட்ட வேண்டும்.

தெஹ்மினா கூட்டவில்லை.
நானும்தான்.

எழுதினேன்:
ஒன்பதில், முதலில் நிறுத்து, அப்புறம் கவனி.
பதினொன்றில், செய்து தந்ததற்கு ஒன்று கூட்டு.
மற்றபடி நல்ல வேலை.
அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

தயார்செய்த ஐந்து வாக்கியங்களை
என்ன செய்வதென்று தெரியவில்லை.

மேலே பலகை முனகத் தொடங்கியது.
ஆறு, ஏழு,
எட்டாவது வரவில்லை. கதவு சாத்தும் சத்தம்.
பிக்கப் ஒரே திருகலில் கிளம்பியது,
கிளம்பாமல் என்ன செய்யும், அவ்வளவு சூடு.
சன்னலில் ஆரஞ்சுக் கோடு
மெல்ல இறுகி, இறுகி,
கம்பியாய் விறைத்து
பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது.

தெருமுனையில் பிரேக் விளக்கு.
அவர் இறங்கி வருகிறார்
வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே.
நான் கெட்டிலைப் போட்டேன்.